ஜாமீன்காரனின் பல்

மக்காச்சோளக் கதிர்களை ஒடித்து வண்டிக்குள் எறிந்துகொண்டிருந்த ஜோசப் வாவ்ரா, சாலையில் எமெட் ஸ்ட்ராட்டனின் குதிரை வண்டியைப் பார்த்ததும் கையை நிறுத்தினான். எமெட்டின் காலடியில் பெரிய தோல் பெட்டி. வண்டி ரயிலடிப் பக்கம் போனது.

எமெட், கவுண்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், பொருளாளர். தேர்தலில் ஜெயித்தால் மட்டும் போதாது. கவுண்டிப் பணத்துக்கு யாராவது ஜாமீன் நின்றால்தான் பதவியேற்க முடியும். சிநேகிதனாயிற்றே என்று வாவ்ரா தன் நிலத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டான். அடுத்த வசந்தத்தில் பக்கத்துக் கவுண்டிப் பொருளாளர் கஜானாவோடு ஓடிப்போனார். அவருக்கு ஜாமீன் நின்றவர்களின் பண்ணைகள் கோர்ட் வாசலில் ஏலம் போயின. அன்று போனது வாவ்ராவின் தூக்கம். எமெட் புதுத் தொப்பி வாங்கினால்கூட, காசு ஏது என்று இவன் அவனையே கண்கொட்டாமல் பார்த்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக்கூட நீங்க இப்படிப் பாத்ததில்ல," என்பாள் மனைவி பார்போரா.

இப்போதும் அவள் பின்னாலிருந்து கத்தினாள். "எங்க ஓடுறீங்க? கதிர யாரு ஒடிப்பா?"

"நிலம் இருந்தாத்தானடி கதிரு!"

ஓமாஹா நகரத்துக்குப் போகும் ரயிலில் எமெட்டுக்கு எதிரே மூச்சிரைக்க உட்கார்ந்தான்.

"என்னடா, வயக்காட்டு மண்ணோட கிளம்பிட்ட?" என்றான் எமெட்.

"பல்லு வலி." வாயில் வந்தது அதுதான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "நீ எங்க? பெட்டி பெருசா இருக்கே."

"ஒரு வேலை. நாலு நாள் ஆகலாம். முதல்ல உன் பல்லப் பாப்போம். ஓமாஹா ஸ்டேஷன் பக்கத்துலயே ஒரு பல் டாக்டர் இருக்கார்."

"அவசரமில்லப்பா."

"அறுவடைய விட்டுட்டு ஓடி வந்திருக்க. அவசரமில்லயாம்!"

எந்தப் பல் என்று டாக்டர் கேட்டார். எமெட் பெட்டியோடு கதவோரம் நின்றான். பல்வலி பொய் என்று சொன்னால், பின்னே எதற்கு வந்தாய் என்பான். வாவ்ரா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினான். நல்ல பல். லேசில் வரவில்லை.

பிறகு எமெட் அவனை ஓர் உயரமான கட்டடத்தின் வாசலுக்கு அழைத்துப்போனான்.

"ஜாமீன் நிக்கிறதே இந்தக் கம்பெனிக்குத் தொழில். என் சொத்துப் பத்திரமெல்லாம் பெட்டியில இருக்கு. துருவித் துருவிக் கேப்பாங்களாம், கேக்கட்டும். கவுண்டி வாரியம் இவங்கள ஒத்துக்கிட்டா உன் நிலத்த விட்டுருவாங்க. அப்புறமாவது தூங்குடா."

"உனக்கு... எப்படித் தெரியும்?" வாய் நிறையப் பஞ்சு.

"சர்ச்சுல எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்றப்ப நீ என் தொப்பியத்தான பாக்குற. எத்தன நாள் நானும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கறது?"

எமெட் உள்ளே போனான். வாவ்ரா எதிர்ச்சாரியில் நின்றான். போய்விடலாம் என்று நினைத்தான். ஆனால் வாரியம் ஒப்புக்கொள்ளும்வரை நிலம் இன்னும் ஜாமீனில்தான் இருக்கிறது. இந்தக் கட்டடத்துக்குப் பின்வாசல் இருக்குமோ? வெட்கமாக இருந்தது, கால் நகரவில்லை.

மாடி ஜன்னலில் எமெட் தெரிந்தான். கீழே நின்றவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையிலிருந்த புதுத் தொப்பியைக் கழற்றி, தெருவுக்குத் தெரியும்படி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினான்.

வாவ்ரா நாக்கால் பல் இருந்த குழியைத் துழாவினான். பிறகு ரயிலடிக்கு நடந்தான், தெருமுனை வரும்வரை தொப்பியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.