மடிக்காத நுனி

எட்டாம் நாள் விடியலில் பிள்ளையை வெளியே கொண்டுவரும்போது ஒருவரும் கைப்பேசியைத் தூக்கக் கூடாது என்று குவாமெனா சொன்னதும், மனைவியின் அண்ணன் ஜோஜோ சிரித்துவிட்டான். செகொண்டி என்ற அந்தத் துறைமுக ஊரில் அப்படிச் சொல்பவன் ஒன்று பாதிரியாராக இருக்க வேண்டும், இல்லை கிறுக்கனாக இருக்க வேண்டும். குவாமெனா பாதிரியார் இல்லை. துறைமுக அலுவலகத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஃபிலிம் கேமராவோடுதான் குடித்தனம்.

"ஏன் மச்சான், கைக்குள்ள போனு இருக்கறப்ப அந்த இரும்பு டப்பாவ எதுக்கு இழுத்துட்டு வர்றே?"

"ஆளாளுக்குப் போனைத் தூக்கினா ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. நான் எடுக்கறேன். ஒரு ரோல் போதும்."

"படம் வரலேன்னா?"

"வரும்."

இந்த ஒரு சொல்லை அவன் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பக்கத்தில் எட்டு நாள் முடியும் வரை பிள்ளை ஒரு விருந்தாளிதான். தங்குமா, திரும்பிவிடுமா என்று தெரியாது. அதுவரை பெயர் இல்லை, படம் இல்லை. வயிற்றில் இருக்கும்போது அதைப் பற்றி வாயைத் திறக்கவே மாட்டார்கள், கண் பட்டுவிடும். குவாமெனாவின் மனைவி அராபாவுக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் வந்து, பெயர் வாங்காமலே போய்விட்டன. அந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பவர் யாரும் இல்லை. அதனால்தான் இந்த முறை அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பொண்ணுக்குப் பேரு வைக்கறப்ப ஒரு படம் எடுத்துக் குடு. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

ஞாயிறு விடியலில் குடும்பத்துப் பெரியவர் விரலைத் தண்ணீரில் தோய்த்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தார். பிறகு ஜின் சாராயத்தில் தோய்த்து வைத்தார். எசி என்று பெயர் சொன்னார். எசி முகத்தைக் கோணிய கோணலில் முற்றமே சிரித்தது. குவாமெனா ரோல் தீரும் வரை எடுத்தான். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ஜோஜோகூடக் கைப்பேசியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான்.

மறுநாள் குளியலறையில் ஃபிலிம் கழுவ உட்கார்ந்தான். அந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் வெந்நீருக்குத் தம்பி. மருந்துக்கோ குளிர்ச்சி வேண்டும். மூலைக் கடையில் உறைந்த தண்ணீர் பாக்கெட்டுகளை வாங்கி வந்து, அவற்றின் நடுவே மருந்தை வைத்து ஆற்றி, எல்லாம் முறைப்படி செய்தான். கடைசியில் ஈர ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு படம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

மற்றவர்கள் எடுத்து முடித்த ஃபிலிமை முழுவதும் டப்பிக்குள் சுற்றிவிடுவார்கள். இவன் மட்டும், கழுவும்போது இழுக்கச் சுலபம் என்று, நுனியை வெளியே விட்டுவைப்பான். புது ரோலுக்கும் நுனி வெளியேதான் இருக்கும். அதனால் எடுத்ததன் நுனியை மடித்துவிடுவான். மடித்தது பழசு, மடிக்காதது புதுசு. பெரிய சட்டம்தான். ஆனால் அது அவன் மண்டைக்குள் மட்டும் இருந்தது. வெக்கையில் கெடாமல் இருக்க ரோல்களை வைக்கும் ஃப்ரிட்ஜிலிருந்து, பெயர் வைக்கும் நாளுக்குப் புதுசு என்று அவன் எடுத்த ரோலின் நுனி மடிக்காமல்தான் இருந்தது.

மருந்து கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாக இருந்தது. அராபா சோளமாவு உருண்டையான கென்கேயைப் பிட்டு மிளகாய்த் துவையலில் தொட்டுக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னான்.

அவள் கை பாதியில் நின்றது. "எந்த ரோலு? முட்டைக்குப் பக்கத்துல இருந்ததா?"

"ஆமா."

"அது நான் எடுத்தது."

"நீயா?"

"நீ வேலைக்குப் போனப்புறம் எடுப்பேன். கண்ணாடி முன்னால நின்னு, வயித்தோட என்னையே. நீ பண்றதப் பாத்துப் பாத்து நானே சுத்தி உள்ள வெச்சேன். மடிக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவள் தட்டைப் பார்த்தே பேசினாள். "போன ரெண்டு தடவையும் எங்கிட்ட ஒண்ணுமே மிஞ்சல. இவளும் போயிட்டா, இப்படி ஒருத்தி இருந்தான்னு சொல்ல ஒரு படமாவது இருக்கட்டும்னுதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நான் ஒருத்தி பயந்தது போதாதா?"

பக்கத்து அறையில் அவள் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். அவன் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இப்போது இரண்டு பேர் படத்தையும் கெடுத்தாகிவிட்டது.

சாயங்காலம் ஃபிலிம் காய்ந்ததும் இருவருமாக ஸ்கேனர் முன் உட்கார்ந்தார்கள். எசி அராபாவின் மடியில் தூங்கினாள். முதல் படத்தில் திரைச்சீலைக்கு நடுவே ஜோஜோவின் நெற்றி. அடுத்ததில் பெரியவர், இவர்களுடைய கட்டில்மேல் நின்று ஜின் ஊற்றிக்கொண்டிருந்தார். அராபா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்தவை வெறும் வெள்ளைக் கலங்கல். அவள் சிரிப்பு நின்றது.

ரோல் முடியும் தறுவாயில் ஒரு படம் மெதுவாகத் திரையில் இறங்கியது. இருட்டான படுக்கையறை. ஜன்னல் வெளிச்சத்தில் அராபாவின் முகமும், வயிற்றைத் தாங்கிய கையும் மட்டும் தெரிந்தன. மற்ற இடமெல்லாம் இருட்டாக இருந்ததால் பெயர் வைத்த விடியல் அங்கே பதிந்திருந்தது. கைக்கு மேலே, வயிறு இருக்க வேண்டிய இடத்தில், எசி ஜின் ருசியில் முகத்தைக் கோணிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜோஜோ மீன் பொட்டலத்தோடு உள்ளே வந்தான்.

"என்ன மச்சான், வரும் வரும்னியே. இது என்ன, பஸ் ஸ்டாண்டு மாதிரி ஒரே நெரிசல்?"

குவாமெனா வாயெடுப்பதற்குள் அராபா முந்திக்கொண்டாள். எதற்காக அந்தப் படங்களை எடுத்தாள் என்பதை அண்ணனிடம் ஒளிக்காமல் சொன்னாள். ஜோஜோ பொட்டலத்தைக் கீழே வைத்தான். குனிந்து திரையை நெடுநேரம் பார்த்தான்.

"நீ இங்க பயந்து செத்துக்கிட்டு நிக்கறே," என்றான் கடைசியில். "இவ உள்ள இருந்துக்கிட்டு உனக்கு மூஞ்சியக் காட்டறா பாரு."

அராபா சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனிடம் திரும்பினாள்.

"இதப் பெருசா பிரிண்டு போடு. முன் ரூம்ல மாட்டணும்."

"வர்றவங்கல்லாம் என்னன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும். எனக்கு மூணு பொறந்துதுன்னு சொல்றேன்."