நன்றிப் பக்கத்துக்குப் பத்துக்குப் பத்து

நம்ம சயின்ஸ் டீச்சர் இருக்காளே, பகலெல்லாம் பள்ளிக்கூடம், சாயங்காலம் எம்.எஸ்சி. வகுப்பு. அன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ப்ராஜெக்ட்டைக் குடுக்கலேன்னா ஒரு வருஷம் போச்சு. பஸ்ல கடைசியா ஒரு தடவ படிச்சவ, கைப்பழக்கத்துல சிவப்புப் பேனாவால பக்கத்துக்குப் பக்கம் டிக் போட்டுட்டா! பேராசிரியர் மேசையில வச்சப்பறம்தான் கண்ணுல பட்டுது. உசுரே போயிடுச்சு.

"நீங்களே திருத்திட்டா எனக்கென்னம்மா வேலை?"ன்னு சிரிச்சுக்கிட்டே புரட்டினார் அவர். நன்றிப் பக்கத்துல மட்டும் பத்துக்குப் பத்து போட்டிருந்தா.

'ரெண்டு வருஷமா என் கடைசி பீரியடைத் தானே எடுத்து, "ஓடுடி, பஸ் உனக்காக நிக்காது"ன்னு விரட்டின கணக்கு டீச்சருக்கு'ன்னு எழுதியிருந்துச்சு.

"இந்த மார்க்ல நான் கை வைக்க மாட்டேன்"னு சொல்லி, அதுக்குக் கீழயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டார்.