டோப்பாக்கடை மரியாதை

மேற்கு பால்டிமோரில் டேசிக்கை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொரியாவிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் கறுப்பர்கள் வாழும் தெருவில் சவுரிமுடிக் கடை போட்டிருந்தார்கள். அதனால் அவன் 'டோப்பா'. பிறந்தது, உதை வாங்கியது, ராப் பழகியது எல்லாம் அதே தெருவில்தான். இருந்தாலும் டோப்பா.

சனிக்கிழமை மதியம் ஓட்டிஸின் சலூனில் ராப் சண்டை. எதிராளியைப் பாட்டாலேயே நாறடிக்க வேண்டும். ஜெயித்தவன் பேரை ஓட்டிஸ் சுவரில் பெயிண்டால் எழுதுவார். சுவரில் ஏறிய பேரை மாற்றிக் கூப்பிட எவனுக்கும் துணிச்சல் வராது. டேசிக்குக்கு வேண்டியது அவ்வளவுதான். எதிராளி டவான், டேசிக்கின் அம்மா கடையில் மூன்று வருஷம் பெட்டி சுமந்தவன்.

கண்ணாடி முன் பழகிய முறைப்போடு டேசிக் உள்ளே போனான். ஓட்டிஸ் மைக்கை நீட்டினார். பெரியவர்கள் நீட்டுவதை இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிய வேண்டும். பால்பல் விழுமுன்பே வீட்டில் ஊறிய பழக்கம். வாங்கினான். குனிந்தான்.

சலூன் அதிர்ந்தது.

"டேய் டோப்பா, சர்ச்சுல அப்பமா குடுக்குறாங்க? மைக்குடா அது!" என்றான் டவான்.

டேசிக் விடவில்லை. "மேடைக்கு வந்திருக்க, மூஞ்சியக் கழுவுனியா? மூணு வரி பாடத்தான் மூணு மாசம் அழுவுனியா?"

யார் கேட்டார்கள்? அவன் குனிந்த மாதிரியே ஆளாளுக்குக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எதிரில் இருந்த தன் கடையிலிருந்து டேசிக்கின் அம்மா வந்தாள். "கடையில கூட்டம் நிக்குது, இங்க என்னடா கத்திக்கிட்டிருக்க?" மைக்கைப் பிடுங்கி, பக்கத்தில் நின்ற டவானிடம் நீட்டினாள். "இதப் புடி. சாப்பிட்டியா?" எல்லாம் கொரிய மொழியில்.

டவான் இரண்டு கையாலும் வாங்கினான். இடுப்புவரை குனிந்தான். "சாப்பிட்டேம்மா," என்றான், சுத்தமான கொரிய மொழியில். மைக்கில்.

பாதி சிரைத்த தலையோடு ஒருவன் நாற்காலியிலிருந்து உருண்டான்.

ஓட்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூரிகையை எடுத்தார். சுவரில் எழுதினார்: 'டோப்பா பிரதர்ஸ்'.

"அண்ணே, நான் இன்னும் பாடவே இல்லண்ணே! எம் பேரு டவான்!"

"நேத்து வரைக்கும்," என்றார் ஓட்டிஸ்.

"எம் பேரு டவான்!"

டேசிக் அவன் தோளில் கை போட்டான். "இன்னும் சத்தமாக் கத்துடா. நான் இருபது வருஷமாக் கத்திப் பாத்துட்டேன்."