சூடு ஆறட்டும்

எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஓட்டை இரண்டுதான். ஒன்றில் அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் வயர். இன்னொன்றில் லேப்டாப் சார்ஜரைச் செருக, பெரியவள் கூடத்துத் தரையில் முட்டி போட்டிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் அவள் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"லைன் இன்னும் வரலையாடி? பாவம், பிள்ளை அங்க துடிச்சிட்டிருப்பான்," என்றாள் சித்தி.

துடிக்கட்டும். விடிகாலையில் அம்மாவின் மூச்சு நின்றபோது பக்கத்தில் இருந்தவள் இவள். டாக்டரைக் கூப்பிட்டதும், பெட்டிக்குச் சொன்னதும், வந்தவர்களுக்குக் காபி போட்டதும் இவள். நீ ஒரு வாய் குடிச்சியா என்று யாரும் கேட்கவில்லை. பாவமெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர விமானம் கிடைக்காத தம்பிக்குத்தான். போனில் ஒவ்வொருவரிடமும் "அம்மா தவறிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி, அது வேறு யாரோ ஒருத்தருடைய அம்மா மாதிரி ஆகிவிட்டது. அழுகையே வரவில்லை.

லேப்டாப்பும் அவன் கொடுத்ததுதான், முதல் சம்பளத்தில். பேட்டரி எப்போதோ போய்விட்டது. அம்மா அதை மெத்தைமேல் வைத்துக்கொண்டுதான் அவனோடு பேசுவாள். அடியில் காற்று போக வழியில்லாமல் சூடேறி, பேச்சின் நடுவிலேயே பொசுக்கென்று அணைந்துவிடும். "அடியே, செத்துப்போச்சு, வாடி!" என்று அம்மா கத்துவாள். அடுப்பில் எது கிடந்தாலும் போட்டுவிட்டு ஓட வேண்டும். இவளும் அப்போதே சார்ஜரை மாற்றிப் பார்த்தாள். மூடியைக் கழற்றித் தூசி தட்டினாள். "உள்ள ஃபேன் சுத்தலக்கா, பழைய மிஷின், பார்ட்ஸ் கிடைக்காது," என்று கடைக்காரர் கையை விரித்தார். புதுசு வாங்கலாம் என்றால் அம்மா கேட்டால்தானே! "பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்ததுடி."

பொறாமைதான், வேறென்ன. அவனிடம் அம்மா சிரிக்கிற சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்கும். இவளிடம் பேசியதெல்லாம் மாத்திரை, வெந்நீர், ஜன்னலைச் சாத்து. லேப்டாப் அணைந்தால் இவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருக்கும்.

ஸ்டூல்மேல் வைத்து ஆன் செய்தாள். வீங்கிய கண்ணோடு தம்பி வந்தான். "அக்கா, அம்மாவைக் காட்..." அணைந்தது. ஆறவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே கதை. அத்தனை பேர் அடைத்துக்கொண்டு நின்ற கூடத்தில் ஒரே புழுக்கம்.

"என் போன்ல காட்டிடறேன் சித்தி."

"வேண்டாம். உங்கம்மா அவனைப் பாத்ததெல்லாம் இதுலதான். கடைசியாவும் இதுலயே பாக்கட்டும்."

கண்ணை மூடியவள் எப்படிப் பார்ப்பாள் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு எழுந்தபோது கை பெட்டியின் கண்ணாடிமேல் பட்டது. சில்லென்று இருந்தது. அந்த வீட்டிலேயே குளிர்ந்த இடம் அது ஒன்றுதான்.

கையை எடுக்காமல் நின்றாள். இதன்மேல் வைத்தால் லேப்டாப் சூடேறாது என்று வேறு யாருக்கும் தோன்றப்போவதில்லை. "இனிமே வராது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி வரும்வரை அம்மா இவளுக்கு மட்டும்தான்.

சே, என்றிருந்தது. கண்ணாடியில் பூத்திருந்த ஈரத்தைத் துடைத்தாள். அம்மாவின் வயிற்றுக்கு நேராகக் கண்ணாடிமேல் லேப்டாப்பை வைத்து, திரையை முகத்துக்கு நேரே சாய்த்தாள்.

பாழாய்ப்போனது, அணையவே இல்லை. தம்பி அழுதான், பேசினான், மறுபடி அழுதான். சித்தி திரையில் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றி நின்று ஆறுதல் சொன்னார்கள்.

கூட்டம் விலகியதும் அவன் மெதுவாகச் சொன்னான். "உனக்கென்னக்கா, நீ குடுத்து வச்சவ."

"என்னடா குடுத்து வச்சேன்?" சுருக்கென்று வந்தது இவளுக்கு.

"கட் ஆச்சுன்னா மறுபடி வர்ற வரைக்கும் நான் இங்க ஸ்க்ரீனையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். அந்த நேரமெல்லாம் அம்மா உன்கூடத்தானே. ரெண்டு பேரும் என்னதான் பேசிப்பீங்களோன்னு வயிறு எரியும்க்கா."

என்ன பேசினார்கள்? கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து லேப்டாப்புக்கு விசிறிக்கொண்டிருப்பார்கள். அம்மா அதன் அடியில் கை வைத்துப் பார்த்து, "சூடு ஆறிடுச்சாடி?" என்பாள். "இன்னும் இல்லம்மா." அவ்வளவுதான் பேச்சு.

"ஏதேதோ பேசிப்போம்டா," என்றாள். "சொன்னா உனக்குப் புரியாது."

அவன் முகம் சுண்டிப்போனது. இவளுக்கு இதமாக இருந்தது.

வண்டி வந்துவிட்டது. பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்து, "இதை எடுங்கம்மா," என்றார்கள். லேப்டாப்பைச் சார்ஜர் வயரோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி கேட்டபடி வாசல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். தொடை சுட ஆரம்பித்தது. பெட்டி நிலையைத் தாண்டும்போது, "அக்கா, அம்மா..." என்றான். திரை அணைந்தது.

"செத்துப்போச்சு," என்றாள் பெரியவள், வழக்கமான எரிச்சலோடு, சற்று உரக்கவே.

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியைத் தூக்கியவர்கள்கூட ஒரு கணம் நின்றார்கள்.

"வாசலுக்கு வாடி, வண்டி கிளம்பப் போகுது," என்று சித்தி தோளைத் தொட்டாள்.

அவள் லேப்டாப்பைக் கவிழ்த்து அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இரு சித்தி. இன்னும் சூடு ஆறல."