தடயத்தைத் தின்ற காவலர்

ஜப்பானின் நகோயாவில் எங்கள் தெருமுனைக் காவல் சாவடிக்கு எதிரேதான் என் முடிதிருத்தும் கடை. ஆகவே இது நான் கண்ணால் பார்த்தது. ஏதாவது பெரிதாகத் தெரிந்தால் அது கண்ணாடியின் குற்றம்.

நேபாளத்து டம்பர் குருங் சமையல்காரர் விசாவில் வந்தவர். வேலை பார்க்கும் கடையில் தன் நாட்டுச் சமையல்தான் செய்யலாம் என்பது விதி. அவர் அதை வீட்டு அடுப்புக்கும் சேர்த்துப் படித்துக்கொண்டார். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் எங்கள் ஊர்ச் சிவப்பு மிசோ விழுதைக் கடையில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். நாக்கு மட்டும் இந்தச் சாரியிலேயே நடக்கும்.

நிரந்தர வசிப்புரிமைக்கு அவர் மனு போட்டிருந்த சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை கை தவறி வீட்டுப் பருப்பில் ஒரு கரண்டி மிசோ விழுந்துவிட்டது. ஒளித்தால் மனு போய்விடும் என்று பானையும் கையுமாகச் சாவடியில் சரணடைந்தார்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு விசா எதற்கு என்று சொல்லத்தான் காவலர் குவாபாரா வாயைத் திறந்தாராம். திறந்த வாயில் பருப்பின் ஆவி புகுந்துவிட்டது.

"தடயத்தைப் பரிசோதிக்கணும்," என்றார். "ஸ்பூன் கொண்டாந்தீங்களா?"

பானையின் அடி தெரியும்வரை பரிசோதனை நடந்தது.

"சந்தேகம் தீரலை, டம்பர் சான். அடுத்த செவ்வாயும் இதே மாதிரி செஞ்சு எடுத்துட்டு வாங்க."

காவலர் உத்தரவை மீற முடியுமா? வாராவாரம் டம்பர் நடுங்கிக்கொண்டே குற்றம் செய்தார். குவாபாராவின் இடுப்பு வாருக்கு நான்தான் புதுத் துளை போட்டேன். கடைசியில் துளைகள்தான் இருந்தன, வார் இல்லை. அவர் ஏறினால் சைக்கிள் முனகுவது இரண்டு தெரு தள்ளியிருக்கும் திருடனுக்குக் கேட்கும். எங்கள் பேட்டையில் திருட்டே நின்றுபோயிற்று.

ஒருநாள் குடிவரவு அதிகாரி டம்பரின் நடத்தையை விசாரிக்கச் சாவடிக்கு வந்தார். டம்பர் என் நாற்காலியில், பாதி முகத்தில் நுரையோடு உறைந்துபோனார்.

குவாபாரா வாயைத் துடைத்துக்கொண்டு குனிந்து வணங்கினார். "அவர் மேல தடயம்னு ஒரு பருக்கைகூடக் கிடையாதுங்க."

வசிப்புரிமை அட்டை வந்தது. டம்பர் அதைக் காட்டச் சாவடிக்கு ஓடினார், வெறும் கையோடு. இனி எதைச் சமைத்தாலும் குற்றமில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குவாபாரா வாழ்த்தினார். ஸ்பூனைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"அந்த அட்டை எப்பவும் உங்ககிட்டயே இருக்கணும். வீட்டுல மறந்துட்டு வந்தா அது குத்தம்தான். சும்மா சொல்லி வைக்கிறேன்."

அடுத்த செவ்வாய், டம்பர் பானையோடு வந்து நின்றார்.

"அட்டையை மறந்துட்டேங்க."

"மிசோவை?"

"அதை மறப்பேனா."

குவாபாரா வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு, கதவைச் சாத்தி விசாரணையைத் தொடங்கினார்.