இரண்டு பாட்டிலில் ஒரே உப்பு

1.

இந்தக் கதை ஒரு சிறுநீர்ப் பாட்டிலில் இருந்து வந்தது. இதைவிட நாகரிகமான தொடக்கங்கள் என்னிடம் மூன்று இருந்தன. ஒன்றில் உறைந்த ஏரி வந்தது, இன்னொன்றில் கடல் வந்தது, மூன்றாவதில் நீங்கள் எதிர்பார்க்கிற அந்தப் பழமொழியே வந்துவிட்டது. மூன்றையும் கிழித்துப் போட்டேன். உப்பு என்று எழுதியதும் தமிழ்க் கை நன்றி, விசுவாசம் என்று தானாக ஓடுகிறது. நானோ பதினெட்டு வருஷமாகப் பின்லாந்தின் கிழக்கு மூலையில், வடகரேலியாவில், ஓர் ஆய்வகத்தில் உப்பை அளக்கிறவள். எனக்கு உப்பு முதலில் ஓர் எண்.

ஆய்வு இதுதான். நாற்பது வீடுகள், வீட்டுக்கு ஒரு கணவன் மனைவி, ஒரே சமையல். ஒரு வருஷத்துக்குச் சாதா உப்புக்குப் பதிலாக நாங்கள் கொடுக்கும் உப்பு; அதில் சோடியம் பாதி, பொட்டாசியம் பாதி. வருஷத்தில் நான்கு தடவை ஆளுக்கொரு பாட்டிலில் ஒரு முழு நாளின் சிறுநீரைப் பிடித்துவைக்க வேண்டும். காலையில் எழுந்து முதல் தடவை போவது கணக்கில்லை. அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது. நர்ஸ் வந்து அளந்து, கலக்கி, சின்னக் குழாயில் எடுத்து எனக்கு அனுப்புவார்.*

* ஏன் சிறுநீர்? எவ்வளவு உப்பு சாப்பிடுகிறாய் என்று கேட்டால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்கிறார்கள், நானும்தான். உடம்பு அப்படிச் சொல்லாது. நேற்றுத் தின்ற உப்பில் பெரும்பகுதியை இன்று வெளியே தள்ளிவிடும். அடிக்குறிப்புதானே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

2.

முப்பத்தொன்றாம் வீடு. மனைவி 31-அ, கணவன் 31-ஆ. பெயர்கள் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

செப்டம்பரில், முதல் சுற்றில், கணவனுடைய சோடியம் லிட்டருக்கு 188 மில்லிமோல். உப்பு தின்கிற மனிதர். டிசம்பரில் இருவருடைய எண்களும் புள்ளிக்குப் பின்னால் வரை ஒன்றாகவே வந்தன. நான்தான் ஒரே குழாயை இரண்டு தடவை வைத்துவிட்டேன் என்று நினைத்து, என்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே எண்கள். சரி, ஒரே பானையில் தின்கிறவர்கள் என்று விட்டுவிட்டேன்.

மார்ச்சில் வந்த எண்களை அப்படியே தருகிறேன். மனைவி: சோடியம் 62, பொட்டாசியம் 71, கிரியாட்டினின் 6. கணவன்: 31, 35.5, 3.

மூன்றும் சரிபாதி. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பானையில் சாப்பிடலாம், ஒரே உடம்பில் இருக்க முடியாது. ஒருவருடைய சிறுநீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் சம அளவு தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

விதிப்படி முப்பத்தொன்றாம் வீட்டின் மேல் சிவப்புக் கோடு போட்டேன், 'நீக்கம்' என்று எழுதினேன். விதிப்படி அந்தப் பகுதி நர்ஸுக்குப் போன் செய்து சொன்னேன். எதிர்முனையில் வீட்டு எண்ணைத் திருப்பிக் கேட்டார். பிறகு, "நானே போய்ப் பாத்துக்கறேன்," என்றார். எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். (இன்னும் ஒன்று உண்டு, அது கடைசியில்.) இனி வருவதெல்லாம் நான் கட்டுவது.

3.

நர்ஸுக்குக் கைசு என்று பெயர் வைக்கிறேன். நாற்பத்தைந்து வயது, சொந்தக் காரில் வீடு வீடாகப் போகிறவள். மனைவி தைமி துருனென், எழுபத்தெட்டு. கணவன் ஆர்வி, எண்பத்தொன்று.

[அடித்தது: தைமி ஏமாற்றுக்காரி. பக்கத்து வீட்டுக்காரிகளிடம் நல்ல பெயர் வாங்க...]

இல்லை, இந்தத் தைமி சரிவரவில்லை. நல்ல பெயருக்காக யாரும் குளியலறையில் மண்டியிட்டு பாட்டிலிலிருந்து பாட்டிலுக்கு ஊற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். அவளுக்கு வேறு காரணம் வேண்டும். அதற்கு முதலில் ஆர்வி யார் என்று தெரிய வேண்டும்.

ஆர்வி முப்பது வருஷம் நெடுஞ்சாலையில் உப்பு லாரி ஓட்டியவர். குளிர்காலத்தில் சாலை பனிக்கட்டியாகாமல் இருக்க உப்பு தூவுவார்கள். அந்த உப்பு வசந்தத்தில் பனியோடு கரைந்து ஓரத்து ஸ்புரூஸ் மரங்களைப் பழுப்பாக்கும், மணல்மேட்டுக்குள் இறங்கிக் கிணறுகளுக்கும் போகும். ஒரு வருஷம் ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறிப்போனது. தண்ணீரைச் சோதித்தவர்கள் கூட்டம் போட்டுக் காரணம் கேட்டபோது சாலைத் துறைக்காரர்கள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்வி மட்டும் எழுந்து, பள்ளி பஸ் திரும்புகிற வளைவில் சொன்ன அளவைவிட இரண்டு மடங்கு போட்டது நான்தான், பஸ் சறுக்கக் கூடாதென்று போட்டேன், கிணறு கெட்டதும் என்னால்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு மெமோ கிடைத்தது. ஊருக்கு அந்த மனிதரின் பேச்சு கல்வெட்டு மாதிரி ஆனது.

(இது மிகை. ஆனால் அவருக்கு இது பொருந்துகிறது, விட்டுவைக்கிறேன்.)

4.

ஏப்ரல் முதல் வாரம். ஏரியில் ஐஸ் மெலிந்து கறுக்கத் தொடங்கியிருந்தது. கைசு வந்தபோது மேசையில் காப்பியும் ரை மாவுப் பலகாரமும் தயாராக இருந்தன. ஆர்வி கம்பளிக் காலுறையோடு ஜன்னலருகே உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைசு பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னாள். ரோடு எப்படி இருக்கு என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

டிசம்பரில் வந்தபோது அவர் தூங்குகிறார் என்று தைமி சொல்லியிருந்தாள். மார்ச்சில் விறகுக் கொட்டகையில் இருக்கிறார் என்றாள். கைசு இரண்டையும் நம்பினாள், ஏனென்றால் அன்று இன்னும் நான்கு வீடுகள் பாக்கி இருந்தன. டிசம்பரில் அவள் போகிற போக்கில் சொன்னது ஒன்றுதான்: ஆர்வியின் பாட்டிலில் அளவு ரொம்பக் குறைவு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மார்ச்சில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. தன் மேலேயே கோபம் வந்தது.

மேசையோரத்தில் இரண்டு உப்பு இருந்தன. ஆய்வுக்காரர்கள் கொடுத்த பொட்டலம் ஒன்று, கண்ணாடி ஜாடியில் கல்லுப்பு ஒன்று. ஆர்வியின் தட்டில் உப்பில் ஊறிய மீனும் உருளைக்கிழங்கும். தைமியின் தட்டில் உருளைக்கிழங்கு மட்டும்.

"தைமி," என்றாள் கைசு. "ரெண்டு பாட்டில்லயும் ஒரே ஆள்தான் இருக்கு."*

* இங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நர்ஸும் கிழவியும் ஒருமையில்தான் பேசிக்கொள்வார்கள். என் தமிழுக்கு அது வாயில் வரவில்லை. அதனால் கைசுவை 'நீங்க' போட வைத்திருக்கிறேன்.

தைமி காப்பியை ஊற்றி முடித்தாள். "தண்ணி கலந்தது தெரிஞ்சுபோச்சா?"

"எவ்ளோ ஊத்தினாலும் தெரியும்."

"ரொம்பக் கெட்டிக்கார மெஷின். அப்போ இவரு எங்கெங்க போறாருன்னும் அதையே கேளேன். விறகு மேல போறாரு. ரப்பர் பூட்ஸுக்குள்ள போறாரு. பாட்டில கையில குடுத்தா டீசல் ஊத்தறதான்னு கேக்கறாரு."

கைசுவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தைமிக்கும் வந்தது, அவள் அடக்கவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா விலக்கி விட்டிருப்பேன். இதுக்கு யாரும் உங்கள ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"அதுக்குத்தான் சொல்லல."

பிறகு காரணம் வந்தது. ஏன் விலகவில்லை என்று நான் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். தனிமை என்று எழுதிப் பார்த்தேன், கைசுவின் வருகைக்காக என்று எழுதிப் பார்த்தேன். எல்லாம் தாளில் நின்றன, தைமியின் வாயில் நிற்கவில்லை. கடைசியில் அவளையே பேசவிட்டேன்.

"இவரு கடைசியாக் கையெழுத்துப் போட்டது உன் காகிதத்துலதான், கைசு. அதுக்கப்புறம் பேனாவ எப்படிப் பிடிக்கறதுன்னே மறந்துபோச்சு. போட்டுட்டு உங்கிட்ட என்ன சொன்னாரு? ஞாபகம் இருக்கா?"

கைசுவுக்கு இருந்தது. "கடைசி வரைக்கும் இருப்பேன்னாரு."

"சொன்ன சொல்ல மாத்தினதில்ல இந்த மனுஷன். அவருக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கலியே."

அதாவது, வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாதவரின் வாக்கைக் காப்பாற்ற அவள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பொய் செய்துகொண்டிருந்தாள். இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். மேலே போட்ட சிவப்புக் கோடு என்னுடையது அல்லவா.

ஆர்வி எழுந்து வந்து கல்லுப்பு ஜாடிக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, மீன் மேல் ஒரே சீராக, தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தூவினார். திரும்பவும் ஒரு பிடி எடுத்தார்.

"வளைவுல ரெண்டு தரம் போடணும்," என்றார்.

"உப்பு இல்லாட்டி வாயத் தெறக்க மாட்டேங்கறாரு," என்றாள் தைமி. "உங்க பொட்டலத்தப் போட்டேன், துப்பிட்டாரு. எது உப்பு எது உப்பில்லன்னு அது மட்டும் தெரியுது."

5.

கைசுவின் பையில் ஒரு படிவம் இருக்கிறது. ஆய்வில் இருப்பவர் நினைவு தடுமாறியவராகத் தெரிந்தால் அதில் ஒரு கட்டத்தில் குறி போட்டுச் சுகாதார மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். பார்த்தால் பூட்ஸைப் பார்ப்பார், அடுப்பைப் பார்ப்பார், அறுபது கிலோமீட்டர் தள்ளி நகரத்து வார்டில் ஒரு படுக்கை ஒதுக்குவார். வார்டுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் பஸ். தைமிக்கு இதெல்லாம் தெரியும், கைசு பையைத் திறக்கும்போதெல்லாம் அவள் பார்வை அங்கேயே போனது.

இதில் வில்லி யாரும் இல்லை, குறி போடவும் காரணம் இருந்தது. தைமியின் முழங்கையில் ஒரு பழைய தீக்காயமும் ஒரு புதிய தீக்காயமும் இருந்தன. ஆர்வி ஐஸ் மேல் நடக்கக் கிளம்பிய கதையை அவளே உளறிவிட்டாள். போன வாரம்தான். ஐஸ் அப்போதே கறுக்க ஆரம்பித்திருந்தது.

முடிவு ஒன்று: கைசு குறி போடுகிறாள். தைமி ஆர்வியின் கம்பளிக் காலுறைகளை ஜோடி சேர்த்துப் பையில் வைக்கிறாள். வார்டில் அவர் பத்திரமாக, சுத்தமாக இருக்கிறார், உப்பு குறைந்த சாப்பாட்டைத் துப்புகிறார்.

முடிவு இரண்டு: கைசு போடவில்லை. ஜூனில், கடைசிச் சுற்றுக்கு, இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து தங்குகிறாள். இரண்டு பெண்களும் ஒரு எனாமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு காலையிலிருந்து காலை வரை கிழவர் பின்னாலேயே, கொட்டகைக்கும் வாசலுக்கும், கேலி பேசிக்கொண்டு...

முடிவு மூன்று: ஜூனுக்கு முன்பே ஆர்வி இற

[நிறுத்திவிட்டேன். முடிக்கத் தெரியாதபோது கொன்றுவிடுவது எழுதுகிறவர்களின் சோம்பேறித்தனம்.]

6.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

ஜூன் கடைசியில் நான்காம் சுற்றுக் குழாய்கள் வந்தன. நீக்கப்பட்ட வீடுகளிலிருந்து எதுவும் வரக் கூடாது. ஆனால் பெட்டியில் 31-ஆ இருந்தது. 31-அ இல்லை. கூட வந்த தாளில் தொடக்கம் காலை 7.10, முடிவு மறுநாள் காலை 7.10. குறிப்புகளுக்கான கோட்டில், பால்பாயிண்ட் பேனாவால், யாரோ அழுத்தி எழுதியிருந்தார்கள்:

எல்லாம் அவருடையது.

நர்ஸின் கையெழுத்தா, மனைவியுடையதா, வார்டில் வேலை பார்க்கும் யாருடையதா, எனக்குத் தெரியாது. அந்த நர்ஸ் அதே மாதம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நீக்கப்பட்ட ஆளின் எண் யாருக்கும் தேவையில்லை, அதனால் அளக்கவில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. அது இன்னும் எங்கள் உறைபெட்டியில் மூன்றாம் தட்டில் இருக்கிறது. வருஷா வருஷம் தட்டைச் சுத்தம் செய்யும்போது எடுத்து, துடைத்து, திரும்ப வைக்கிறேன். உறைந்தால் உப்பு எங்கும் போய்விடாது.

முதல் அடிக்குறிப்பை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு நாளுக்கு முந்தின நாள் அந்த மனிதர் எந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பது அந்தக் குழாய்க்குத் தெரியும். வார்டுச் சாப்பாடு என்றால் சோடியம் எழுபதைத் தாண்டாது. வீடு என்றால், அந்த ஜாடியும் அந்த மீனும் என்றால், இருநூறை நெருங்கும். மெஷினில் வைத்தால் நான்கு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது, முடிவுக்கு வந்ததும் போய் அளந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இன்று காலை குழாயை வெளியே எடுத்தும் வைத்தேன். கண்ணாடியில் பனி பூத்தது, 31-ஆ என்ற எழுத்து மறைந்தது, விரலால் துடைத்தேன். எழுபதுக்குக் கீழே வந்தால் அந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு போனது என் சிவப்புக் கோடு. மேலே வந்தால், அந்த இரண்டு பெண்களும் என் கோட்டை மதிக்காமல் அவருடைய சொல்லைக் கடைசி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். குழாயைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

பதிவேட்டில் அந்த வரி காலியாகவே இருக்கிறது. அதை இங்கே நகல் எடுத்துத் தருகிறேன். எண்ணை நீங்கள் எழுதுங்கள். பென்சிலால் எழுதினால் போதும்.

31-ஆ. நான்காம் சுற்று. சோடியம்: ________