சிறப்பு விருந்தினர்

திரையில் ரோஷெலின் முகம் சுவர் அகலத்துக்கு விரிந்தபோது கோரின் புரொஜெக்டரைத் திருகிக்கொண்டிருந்தாள். படம் மங்கலாக இருந்தவரை தாங்க முடிந்தது. இன்னும் ஒரு திருகு திருகியதும் பல்லெல்லாம் துலங்கிவிட்டது. கீழே பெரிய எழுத்தில் 'ரோஷெல் டிங்கிள், கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர், நமது முன்னாள் மாணவி' என்று வந்தது. கோரினும் இந்தக் கல்லூரியின் முன்னாள் மாணவிதான். ஆனால் அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'ஆய்வக உதவியாளர்' என்று மட்டும் இருந்தது.

அமெரிக்காவின் டொலீடோ நகரில் கண்ணாடித் தொழிற்சாலை மூடியபோது வெளியே வந்த கூட்டத்தில் இவர்கள் இருவரும் இருந்தார்கள். நாற்பதை நெருங்கும் வயதில், மகன் வயதுப் பையன்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கணினித் தொழில்நுட்பத்தில் ஈராண்டுப் பட்டம் படித்தார்கள். நெட்வொர்க் பாடம் ரோஷெலுக்குத் தலைகீழாக நின்றாலும் ஏறவில்லை. கேன்டீன் மேசையில் சர்க்கரைப் பொட்டலங்களை வரிசையாக அடுக்கி, இது வீடு, இது தெரு, இது தபால்காரன் என்று கோரின்தான் அதை அவள் மண்டையில் ஏற்றினாள். படிப்பு முடிந்ததும் கல்லூரியே கோரினை வேலைக்கு எடுத்துக்கொண்டது. வீட்டுக்குப் பக்கம், மருத்துவக் காப்பீடும் உண்டு. ரோஷெலுக்குக் கிடைத்தது ஒரு நிறுவனத்தின் உதவி மையம். கடவுச்சொல்லை மறந்தவர்களிடமெல்லாம் போனில் வசவு வாங்கும் வேலை. அந்த நாட்களில் கோரினுக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம். அழுதுகொண்டு வருபவளுக்குச் சூப் வைத்துக் கொடுப்பாள். பிறகு ரோஷெல் ஏதேதோ சான்றிதழ்த் தேர்வுகள் எழுதினாள். ஒன்றில் தோற்றாள், மறுபடி எழுதினாள். நெட்வொர்க் பிரிவுக்குப் போனாள், அங்கிருந்து ஒரு பெரிய மருத்துவமனையின் பாதுகாப்புப் பிரிவுக்கு. ஒவ்வொரு செய்திக்கும் கோரின் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

"அடியே கோரின்! என் மூஞ்சியை இவ்ளோ பெருசா போட்டா பசங்க படிப்பே வேணாம்னு ஓடிருவாங்கடீ!" வாசலிலிருந்தே ரோஷெல் கத்தினாள். கையில் பான்ச்கி என்ற, ஜாம் வைத்துப் பொரித்த பன்கள் நிறைந்த பெட்டி. மாணவர்களுக்காம். கோரின் அவள் காலரில் மைக்கைச் செருகினாள். கோட்டுத் துணி விரலில் வழுக்கியது. விலை கேட்கக் கூடாத துணி.

"அசையாம நில்லு."

"உன் கை ஏன்டீ இப்படிச் சில்லுனு இருக்கு?"

"வேலை செய்யற கை," என்றாள் கோரின். ரோஷெல் சிரித்தாள். கோரின் சிரிக்கவில்லை.

அறை நிரம்பியது. கோரின் கடைசி வரிசைக்குப் பின்னால், மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்கு அருகில் நின்றாள். ரோஷெல் நன்றாகப் பேசினாள், அதுதான் பொறுக்கவில்லை. உதவி மைய வசவுகளை நடித்துக் காட்டினாள். தோற்ற தேர்வைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கியது. பையன்கள் போனைப் பார்க்காமல் அவளையே பார்த்தார்கள். அடுத்து, பையிலிருந்து ஒரு பிடி சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தாள். "நெட்வொர்க்குனா என்ன? இது உங்க வீடு. இது தெரு."

கோரினின் காது சூடேறியது. என் சர்க்கரை. என் தெரு. இப்போது பெயர் வரும் என்று காத்திருந்தாள். தபால்காரன் வந்தான், சிரிப்பு வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்குமுன் அவள் விரல் ஒலிக் குமிழைக் கீழே இழுத்திருந்தது. ரோஷெலின் வாய் மட்டும் அசைந்தது.

ரோஷெல் காலரைத் தட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து, தொழிற்சாலை இரைச்சலில் பழகிய தொண்டையைத் திறந்தாள். "மைக் போச்சு! கவலை வேணாம், பின்னாடி நிக்கறாளே, அவ பார்த்துப்பா. எல்லாரும் திரும்பிப் பாருங்க. இந்தச் சர்க்கரை வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவதான். அவ இல்லேன்னா நான் முதல் பரீட்சையிலேயே ஊத்திக்கிட்டிருப்பேன்."

அத்தனை தலைகளும் திரும்பின. கைதட்டல் எழுந்தது. கோரினின் விரல் இன்னும் குமிழின் மேலேயே இருந்தது. அதை மெல்ல மேலே தள்ளினாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

எல்லோரும் போன பிறகு ரோஷெல் மைக்கைக் கழற்றிக் கோரினின் உள்ளங்கையில் வைத்தாள். "கெட்டுப்போகலைல இது?"

கோரின் மைக்கை மேசை மேல் வைத்தாள்.

"விடு. நீ மேடையில நின்னு நான் அங்க நின்னிருந்தா, வயரையே பிடுங்கியிருப்பேன்." சிரித்துவிட்டு, குரலைத் தணித்தாள். "எங்க பிரிவுல ஒரு இடம் காலியாகுது. உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன்."

"யாருக்குக் கீழ?"

ரோஷெல் கையுறையை மாட்டுவதில் மும்முரமானாள். "எனக்குக் கீழதான்டீ. முதல்ல கொஞ்ச நாளைக்கு."

"பார்க்கலாம்."

"நீ எதுக்குத்தான் பார்க்கலாம்னு சொல்லல? சேர்ந்து பரீட்சை எழுதலாம்னு கெஞ்சினப்பவும் இதான். திங்கக்கிழமைக்குள்ள சொல்லு. அதுக்கப்புறம் வெளியாளுங்களைக் கூப்பிட்டுருவாங்க."

அவள் போய்விட்டாள். கோரின் வயர்களைச் சுருட்டினாள், விளக்குகளை அணைத்தாள். பெட்டியில் மீந்திருந்த ஒரு பான்ச்கியை நின்றபடியே தின்றாள். சுவையாக இருந்தது. அதற்கும் ஆத்திரம் வந்தது. எனக்குக் கீழதான்டீ. என்ன சுலபமாக வந்தது அந்த 'டீ'!

வாசலுக்கு வந்தபோது வெளியே ஒரு இயந்திரம் உறுமியது. வாகன நிறுத்தத்தில், வண்டி வழித்து ஒதுக்கிய பனிமேட்டின் ஓரத்தில், ரோஷெலின் புதுக் கார் சிக்கியிருந்தது. சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்றது. கரிய பனிச்சேறு பின்னால் விசிறியடித்துப் பளபளத்த கதவையெல்லாம் அப்பியது. ரோஷெல் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள், மறுபடி ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். சுற்றிலும் யாரும் இல்லை.

கோரின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது, கார் மறைந்தது. மாட்டத் தொடங்கிய கோட்டில் ஒரு கை மட்டும்தான் நுழைந்திருந்தது. மற்றக் கையின் ஓரத்தால் கண்ணாடியைத் துடைத்தாள். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.